யாழ்ப்பாணக் கோட்டையை வைத்து மூன்று வயதுப் பிரிவினருக்கு வரலாற்று வீடியோ செய்வது எப்படி?

யாழ்ப்பாண வரலாற்றை வீடியோவாக்க வருகிறவர்கள் பலர், யாழ்ப்பாணத்தை ஆண்ட ஆரியச் சக்கரவர்த்திகளில் தொடங்கி இன்றுவரை எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லப் பார்க்கிறார்கள். சின்னப்பிள்ளைக்கு அது விளங்காது, பெரியவருக்கு அது காணாது. ஒரே ஒரு இடத்தை எடுங்கள். அதை வைத்துச் சிறுவர், பதின்ம வயதினர், பெரியவர் என்று மூன்று வீடியோ செய்யுங்கள். தகவல் மூன்றுக்கும் ஒன்றுதான், கேள்விதான் வேறு. இங்கே கோட்டையை எடுத்துக்கொள்வோம். கையில் ஸ்மார்ட்போன் இருந்தால் போதும்.

1. ஆண்டுகளை ஒரு தாளில் எழுதுங்கள்

1619இல் போர்த்துக்கேயர் யாழ்ப்பாண இராச்சியத்தைக் கைப்பற்றினார்கள். பிறகு கடலோரம் நாற்சதுரமாக ஒரு கோட்டை கட்டினார்கள். 1658இல் ஒல்லாந்தர் மூன்று மாதத்துக்கு மேல் முற்றுகையிட்டு அதைப் பிடித்தார்கள். இப்போது நாம் பார்க்கிற ஐங்கோண வடிவம் அவர்கள் திருத்திக் கட்டியது. 1795இல் ஆங்கிலேயர் வந்தார்கள். இந்த ஐந்து வரிதான் மூன்று வீடியோவுக்கும் முதுகெலும்பு. பழைய நூல்களைத் தேட ‘நூலகம்’ இணையத்தளத்துக்குப் போங்கள், ஈழத்து நூல்கள் ஆயிரக்கணக்கில் இலவசமாகவே கிடைக்கும்.

2. வயதுக்கு ஒரு கேள்வி

சிறுவருக்கு: கோட்டை ஏன் நட்சத்திரம் மாதிரி இருக்கிறது? இதற்குப் பேச்சைவிடப் பென்சிலும் அடிமட்டமும் நன்றாக வேலை செய்யும். ஒரு தாளில் சதுரம் வரைந்து மூலைக்கு ஒரு வட்டக் கோபுரம் போடுங்கள். பக்கத்துக் கோபுரங்களில் நிற்கிற வீரனின் பார்வையைக் கோடுகளாக இழுங்கள். வட்டத்தின் முன்பக்கத்தில் எந்தக் கோடும் தொடாத ஒரு சின்ன முக்கோணம் மிஞ்சும். எதிரி அங்கே ஒளிந்துகொண்டால் ஒருவருக்கும் தெரியாது. அந்த இடத்தைச் சிவப்பால் நிரப்பிவிட்டு, வட்டத்துக்குப் பதிலாகக் கூரான கொத்தளம் வரையுங்கள். சிவப்பு இடம் கொத்தளத்துக்குள்ளேயே போய்விடும், எதிரி ஒளிய மூலை இல்லை! போனை மேலிருந்து பிடித்து இதை வெட்டாமல் எடுங்கள். மூன்று, நான்கு நிமிடம் போதும்.

பதின்ம வயதினருக்கு: இந்த வரலாற்றை யார், எப்போது, யாருக்காக எழுதினார்கள்? யாழ்ப்பாண இராச்சியத்தின் கதையைச் சொல்லும் பழைய நூலான யாழ்ப்பாண வைபவமாலையை மயில்வாகனப் புலவர் எழுதியது ஒல்லாந்தர் காலத்தில், ஓர் ஒல்லாந்த அதிகாரி கேட்டுக்கொண்டதற்காக. அதற்குள் இராச்சியம் விழுந்து நூறு ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டது. அப்படியென்றால் யாழ்ப்பாண அரசன் சங்கிலியனைப் பற்றி அது சொல்வதை எப்படி வாசிப்பது? பதிலைச் சொல்லிவிடாமல், இரண்டு பக்கத்தையும் காட்டிவிட்டு அவர்களைக் கதைக்க விடுங்கள். இந்த வயதுப் பிள்ளைகளுக்கு நாம் கொடுக்கக்கூடிய மிகப் பெரிய மரியாதை அதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

பெரியவருக்கு: இந்தச் சின்னக் குடாநாட்டுக்காக இத்தனை பேர் ஏன் அடிபட்டார்கள்? பாக்குநீரிணைக் கடல்வழி, மன்னார் முத்துக்குளிப்பு, யானை ஏற்றுமதி என்று காரணங்களை ஒவ்வொன்றாக விரியுங்கள். பதினைந்து நிமிடம் போனாலும் பார்ப்பார்கள்.

3. எழுதி, வாய்விட்டு வாசியுங்கள்

நிதானமாகப் பேசினால் நூறு சொல்லுக்கு ஏறத்தாழ ஒரு நிமிடம் பிடிக்கும். வாசிக்கும்போது மூச்சு முட்டுகிற வசனத்தை இரண்டாக உடையுங்கள். நம்முடைய பேச்சிலேயே சொல்லுங்கள், செய்தி வாசிக்கிற குரல் வேண்டாம்.

4. படம் பிடிப்பது

காலையில் வெள்ளெனப் போங்கள், வெயில் சரிவாக விழும்போதுதான் சுவரின் வரிகள் வடிவாகத் தெரியும். அகழிப் பாலத்தில் இருந்து வாசல், பிறகு கொத்தளம், அதற்கப்புறம் சுவர். சுவருக்கு ஒரு சாண் தூரம்வரை போனைக் கொண்டுபோங்கள். கற்களுக்கு நடுவே தேன்கூடு போலத் துளை துளையாக முருகைக்கல் தெரியும். கடலில் வளர்ந்த கல்லால் எழுந்த மதில் அது! அந்த ஒரு காட்சிக்குப் பத்து விநாடி விடுங்கள். சுவரில் ஏறாதீர்கள், கல்லைத் தட்டிப் பார்க்காதீர்கள். ட்ரோன் என்றால் முன்கூட்டியே அனுமதி எடுக்க வேண்டும்.

குரலை அங்கே பதிய வேண்டாம். சோளகக் காற்றுக் காலத்தில் மைக்குக்குள் இரைச்சலைத் தவிர வேறொன்றும் வராது. வீட்டில், துணி நிறைந்த அலுமாரியின் கதவைத் திறந்து வைத்து அதைப் பார்த்தபடி பேசுங்கள், எதிரொலி அடங்கிவிடும்.

முதியவர் யாரையாவது பேட்டி எடுத்தால், எங்கே வெளியிடப் போகிறீர்கள் என்று முதலிலேயே சொல்லிச் சம்மதம் கேளுங்கள். போர்க்கால நினைவுகளுக்குப் பேச்சுப் போனால் அவசரப்படுத்தாதீர்கள். வேண்டாம் என்று அவர் சொன்ன பகுதியை அழித்துவிடுங்கள்.

5. வெட்டி ஒட்டுவது

கேப்கட் மாதிரி ஒரு செயலி போதும். முதலில் குரலை வையுங்கள், அதன் மேல் படங்களை அடுக்குங்கள். ஆண்டு சொல்லும்போதெல்லாம் திரையிலும் இலக்கத்தில் காட்டுங்கள். பின்னணி இசை குரலை மூடக்கூடாது.

6. ஏற்றுவது

யூடியூபில் ஏற்றிய வீடியோவுக்குப் பதிலாகத் திருத்தியதை அதே இணைப்பில் வைக்க முடியாது. அதனால் முதல் தாளில் எழுதிய ஆண்டுகளோடு ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள். வரலாறு படிப்பிக்கிற ஆசிரியர் ஒருவரிடமும் காட்டுங்கள். சிறுவர் வீடியோவை ‘குழந்தைகளுக்கானது’ என்று குறித்தால் கருத்துப் பகுதி மூடப்படும், ஆகவே பிழைதிருத்தம் ஏதும் வந்தால் விவரிப்புப் பெட்டியின் முதல் வரியில் போடுங்கள்.