ஏஜென்சிக்குக் காசு கட்டுமுன் காரணத்தை எழுதுங்கள்

கொழும்பு வெள்ளவத்தையில் காலி வீதியோரம் நடந்தால் கனடா, லண்டன், துபாய் என்று வெளிநாட்டுக்கு அனுப்பும் ஏஜென்சிகளின் எத்தனை பலகைகள்! உள்ளே போனால் எந்த நாடு என்றுதான் கேட்பார்கள், ஏன் போகிறீர்கள் என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள். அதை வீட்டிலேயே கேட்டுவிடுங்கள்.

ஆளுக்கொரு தாளில் காரணத்தை எழுதச் சொல்லுங்கள். "நாடு சரியில்லை" என்று எழுதினால் ஏற்காதீர்கள். 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360க்கு ஏறியபோது சம்பளம் அப்படியே நின்றதா, அடகு நகை மூழ்கப்போகிறதா, பிள்ளையின் படிப்பா, 83 ஜூலைக் கலவரத்தைக் கண்ட அம்மாவின் பயமா? அம்மா ஒன்று எழுதுவார், மகன் வேறொன்று எழுதுவான். இரண்டுக்கும் ஒரே விசா சரிவராது.

கடன்தான் என்றால் கணக்குப் பாருங்கள். ஏஜென்சிக்குக் கட்டும் காசு, அதற்கு வட்டி, அங்கே சாப்பாடு, அறை வாடகை எல்லாம் போக மாதம் என்ன மிஞ்சும்? இரண்டு வருடக் கொன்ட்ராக்டில் ஒன்றரை வருடம், போவதற்கு வாங்கிய கடனுக்கே போகுமென்றால் இங்கேயே இருக்கலாம். ஏஜென்சியின் லைசென்ஸ் இலக்கத்தை வாங்கி, வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்துக்கு 1989 என்ற இலக்கத்தில் அடித்து விசாரியுங்கள். "விசிட் விசாவில் போங்கள், அங்கே மாற்றித் தருவோம்" என்றால் எழும்பி வந்துவிடுங்கள், பணியகத்தில் பதியாமல் போனவருக்கு அதன் காப்புறுதியும் கிடையாது.

படிப்பு என்றால், மனைவி அங்கே வேலை செய்து ஃபீஸ் கட்டுவார் என்ற பழைய லண்டன் கணக்கை விடுங்கள். 2024 ஜனவரி முதல் பிரித்தானியாவுக்கு, ஆய்வுப் படிப்புக்குப் போகிறவர்களைத் தவிர பெரும்பாலான மாணவர்கள் குடும்பத்தைக் கூட்டிப்போக முடியாது.

பயம் என்றால் முதலில் சட்டத்தரணியைப் பாருங்கள். 1951 அகதி உடன்படிக்கை இனம், மதம், அரசியல் கருத்து போன்ற காரணங்களால் வரும் துன்புறுத்தலைத்தான் பார்க்கும், கடனையோ வேலையில்லாததையோ பார்க்காது. பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதி, கடிதங்கள் எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள். படகுக்காரனிடம் மட்டும் போகாதீர்கள். கனடா போகலாமென்று நம்பி ஏறிய 300க்கும் மேற்பட்டோரை 2022 நவம்பரில் நடுக்கடலில் மீட்டு வியட்நாமில்தான் இறக்கினார்கள்.

சரி, காரணம் தெளிவானதும் கடதாசி வேலை. பிறப்புச் சான்றிதழிலும் பாஸ்போர்ட்டிலும் பெயரின் எழுத்து ஒத்துப்போகிறதா என்று முதலில் பாருங்கள். அப்பா பெயர் முன்னால் வரும் நம் ஆட்கள் இதில்தான் அதிகம் இழுபடுவார்கள். அப்புறம் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர், அதற்குப் பிறகு அத்தாட்சிப்படுத்த பத்தரமுல்லை சுஹுருபாய கட்டடத்திலுள்ள வெளிவிவகார அமைச்சின் கொன்சியூலர் பிரிவு. காலையிலேயே போய்விடுங்கள்.