தண்டர்பேர்ட் மெயில்: முதல் நாளே சரியாக அமைப்பது எப்படி?

திருப்பூர், கரூர், கோவைப் பக்கம் துணி ஏற்றுமதி ஆபீஸில் போய்ப் பார்த்தால் ஒரே கம்ப்யூட்டரில் நாலு மெயில் ஐடி ஓடும். ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசிங்குக்கு ஒன்று, அக்கவுண்ட்ஸுக்கு ஒன்று, ஷிப்பிங்குக்கு ஒன்று, முதலாளியின் சொந்த ஜிமெயில் ஒன்று. பிரவுசரில் நாலு டேப்பைத் திறந்து வைத்துத் தாவித் தாவிப் பார்க்க வேண்டியதில்லை. நாலையும் ஒரே ஜன்னலில் காட்டும் இலவச மென்பொருள்தான் தண்டர்பேர்ட். 2004 டிசம்பரில் மொசில்லா இதன் 1.0 பதிப்பை வெளியிட்டது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். பயன்படுத்துகிறவர்கள் தரும் நன்கொடையில் நடக்கிறது.

இதற்குப் பயனர்கள் போடும் மதிப்பெண்ணைப் பார்த்தால் புதியவருக்குக் குழப்பம்தான் வரும். ஒருவர் 5 நட்சத்திரம் கொடுத்திருப்பார், அடுத்தவர் 1 கொடுத்து மெயிலே காணோம் என்று எழுதியிருப்பார். சில குறைகள் மென்பொருள் பக்கமே உண்டு. 2020-இல் வந்த 78-ஆம் பதிப்பு பழைய ஆட்-ஆன்களை (கூடுதல் வசதிக்காகச் சேர்க்கும் சிறு நிரல்கள்) கைவிட்டது. 2023-இல் வந்த 115-ஆம் பதிப்பு தோற்றத்தையே மாற்றியது. பழகியவர்களுக்குக் கோபம் வந்தது நியாயம். ஆனால் மெயில் காணவில்லை, மெதுவாக இருக்கிறது, டிஸ்க் நிறைந்துவிட்டது என்ற மூன்று புகாருக்கும் பெரும்பாலும் முதல் நாள் அமைப்பில் விட்ட தவறுதான் காரணம். அதனால் அந்த இடங்களில் மட்டும் நின்று நிதானமாகப் பார்ப்போம்.

இறக்குவது

தண்டர்பேர்ட் டாட் நெட் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்க. தேடலில் மேலே வரும் விளம்பர இணைப்புகளை அழுத்த வேண்டாம். இன்ஸ்டால் செய்வதில் சிக்கல் ஒன்றும் இல்லை, நெக்ஸ்ட் நெக்ஸ்ட் என்று போனால் முடிந்துவிடும்.

ஐமேப்பா, பாப்பா?

திறந்தவுடன் பெயர், மெயில் முகவரி, பாஸ்வேர்டு கேட்கும். கொடுத்ததும் சர்வர் விவரத்தைத் தானே தேடி எடுத்து, ஐமேப், பாப்3 என்று இரண்டு வழி காட்டும். இங்கே அவசரப்படாதீங்க.

ஐமேப்பில் மெயில் சர்வரிலேயே இருக்கும், உங்கள் கம்ப்யூட்டரில் இருப்பது அதன் நகல். போனில் படித்தால் இங்கேயும் படித்ததாகக் காட்டும். இங்கே அழித்தால் போனிலும் அழியும். பாப்3 அப்படியில்லை, மெயிலைக் கம்ப்யூட்டருக்கு இறக்கிவிடும். சர்வரில் நகல் விட்டு வைக்கச் சொல்லும் டிக்கோடு '14 நாள் வரை' என்ற டிக்கும் சேர்ந்து இருந்தால், 15-ஆம் நாள் அந்த மெயில் சர்வரிலிருந்து போய்விடும். பையர் (சரக்கு வாங்கும் கம்பெனி) போன மாதம் அனுப்பிய சைஸ் சார்ட்டை முதலாளி போனில் தேடினால் கிடைக்காது. 'காணோம்' என்ற புகாரில் பெரும்பங்கு இதுதான். மெயில் எங்கும் போகவில்லை, ஆபீஸ் கம்ப்யூட்டரில் பத்திரமாக இருக்கிறது.

இரண்டு பேருக்கு மேல் பார்க்கும் ஐடி என்றால் கண்ணை மூடிக்கொண்டு ஐமேப் எடுங்க. பாப்3-இல் அமைத்த கணக்கைப் பிறகு அப்படியே ஐமேப்புக்கு மாற்ற முடியாது. அதே முகவரியைப் புதுக் கணக்காகத்தான் சேர்க்க வேண்டும்.

ஜிமெயில் என்றால் கூகுளின் லாகின் ஜன்னல் தனியாகத் திறக்கும். அங்கே பாஸ்வேர்டு போட்டு அனுமதி கொடுத்தால் போதும். அந்த ஜன்னல் திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருந்தால், செட்டிங்ஸில் பிரைவசி பகுதிக்குப் போய் குக்கீஸ் அனுமதிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்க.

கம்பெனியின் சொந்த டொமைன் என்றால் தானாகக் கண்டுபிடிக்காமல் போகலாம். அப்போது கையால் நிரப்புங்க: உள்வரும் ஐமேப்புக்கு போர்ட் 993, பாதுகாப்பு முறை எஸ்எஸ்எல்/டிஎல்எஸ். வெளிச்செல்லும் எஸ்எம்டிபிக்கு போர்ட் 465 என்றால் எஸ்எஸ்எல்/டிஎல்எஸ், 587 என்றால் ஸ்டார்ட்-டிஎல்எஸ். யூசர்நேம் என்ற இடத்தில் பெரும்பாலும் முழு மெயில் முகவரி வர வேண்டும், முன்பாதி மட்டும் போதாது. மெயில் வருகிறது, ஆனால் போக மாட்டேன் என்கிறது என்றால் தவறு எஸ்எம்டிபியில்தான். 465-க்கு ஸ்டார்ட்-டிஎல்எஸ் போட்டிருப்பீர்கள், அல்லது பழைய 25-ஆம் போர்ட்டே இருக்கும்.

டிஸ்க்கைத் தின்னும் 'ஆல் மெயில்'

ஜிமெயிலில் ஃபோல்டர் என்று எதுவும் கிடையாது, எல்லாம் லேபிள். தண்டர்பேர்ட் ஒவ்வொரு லேபிளையும் ஃபோல்டராகக் காட்டும். 'ஆல் மெயில்' என்பதும் அதில் ஒன்று. இன்பாக்ஸில் இருக்கும் அதே மெயில் ஆல் மெயிலிலும் இருக்கும், ஆக இரண்டு முறை இறங்கும். ஆர்ட்வொர்க், டெக் பேக், லேப் ரிப்போர்ட் என்று வந்து குவியும் ஐடியில் இது சில ஜிபியை வீணாக்கும், தேடலையும் மந்தமாக்கும்.

அக்கவுண்ட் செட்டிங்ஸ் போய், அந்தக் கணக்கின் கீழே சிங்க்ரனைசேஷன் அண்ட் ஸ்டோரேஜ் திறந்து, அட்வான்ஸ்டு பட்டனை அழுத்துங்க. ஃபோல்டர் பட்டியல் வரும். ஆல் மெயிலுக்கு எதிரே இருக்கும் டிக்கை மட்டும் எடுங்க. ஆர்கைவ் செய்த (இன்பாக்ஸிலிருந்து எடுத்து ஒதுக்கி வைத்த) மெயில்கள் ஆல் மெயிலில் மட்டும்தான் இருக்கும் என்பதால் அந்த ஃபோல்டரையே மறைக்க வேண்டாம். கம்ப்யூட்டருக்கு இறங்காமல் இருந்தால் போதும். இன்பாக்ஸின் டிக் அப்படியே இருக்கட்டும். மாதாந்திரப் பராமரிப்புக்குக் கரண்ட் நிறுத்தும் நாளில் நெட் இல்லாமலேயே லேப்டாப்பில் பழைய ஆர்டரைத் தேடி எடுக்க முடிவது அதனால்தான். இந்த ஒரு வசதிக்காகவே தண்டர்பேர்டை விடாதவர்கள் நிறைய.

தோற்றம்

மெயில் பட்டியல் அட்டை அட்டையாகத் தெரிவது பிடிக்கவில்லையென்றால், பட்டியலுக்கு மேலே வலது ஓரத்தில் உள்ள சின்ன பட்டனை அழுத்தி டேபிள் வியூ எடுங்க. பழைய வரிசை முறை வந்துவிடும்.

அனுப்பும் முன்

ஒரு கணக்குக்கு வந்த மெயிலுக்கு ரிப்ளை செய்தால் பொதுவாக அதே ஐடியிலிருந்துதான் போகும். புதிதாக எழுதும்போதுதான் வினை. மேலே 'ஃப்ரம்' வரியில் எந்த ஐடி நிற்கிறது என்று ஒரு பார்வை பாருங்க.

'அட்டாச்டு' என்று எழுதிவிட்டு ஃபைலைச் சேர்க்காமல் சென்ட் அழுத்தினால் தண்டர்பேர்ட் எச்சரிக்கும். அந்தச் சொற்பட்டியலை நாமே நீட்டலாம். செட்டிங்ஸில் கம்போசிஷன், அங்கே அட்டாச்மென்ட்ஸ், அதன் கீழே கீவேர்ட்ஸ். 'இன்வாய்ஸ்', 'பேக்கிங் லிஸ்ட்' என்று மெயிலில் நீங்கள் ஆங்கிலத்தில் எழுதும் அதே எழுத்தில் சேருங்க. பேக்கிங் லிஸ்ட் இல்லாமல் போன மெயிலுக்குப் பையரிடம் மன்னிப்புக் கேட்டு இன்னொன்று அனுப்பும் வேலை மிச்சமாகும்.

இணைக்கும் ஃபைல் மெயிலில் போகும்போது மூன்றில் ஒரு பங்கு வீங்கும். எதிர்ப்பக்கச் சர்வரின் வரம்பு 10 எம்பி என்றால் 8 எம்பி ஆர்ட்வொர்க்கே திரும்பி வந்துவிடும். பெரிய ஃபைலுக்கு டிரைவ் லிங்க் கொடுங்க.

அனுப்பியவர் யார்?

இதை யாரும் விட்டுவிடாதீங்க. பையர் பெயரிலேயே, முகவரியில் ஓர் எழுத்து மட்டும் மாற்றி, இனிமேல் பணத்தை வேறு வங்கிக் கணக்குக்குப் போடச் சொல்லி வரும் மோசடி மெயில் ஏற்றுமதித் தொழிலுக்குப் பெரிய ஆபத்து. ஜெனரல் செட்டிங்ஸில் அட்ரஸ் புக்கில் இருப்பவர்களுக்குப் பெயரை மட்டும் காட்டு என்ற டிக் இருந்தால் எடுத்துவிடுங்க. மெயிலின் தலைப்பில் மோர் பட்டன், கஸ்டமைஸ் போய், அனுப்பியவரின் முழு முகவரியை எப்போதும் காட்டும்படி வையுங்க. கணக்கு எண் மாறுகிறது என்று எந்த மெயில் வந்தாலும், அந்த மெயிலில் உள்ள நம்பருக்கு அடிக்காமல், முன்பே உங்களிடம் இருக்கும் நம்பருக்கு அடித்துக் கேளுங்க.

பராமரிப்பும் பேக்கப்பும்

வழக்கமான அமைப்பில் ஒரு ஃபோல்டரின் மெயில் முழுவதும் ஒரே ஃபைலில் சேரும். நீங்கள் அழித்த மெயிலும் அந்த ஃபைலில் கிடக்கும், 'காம்பாக்ட்' செய்தால்தான் இடம் காலியாகும். ஃபோல்டர் மேல் ரைட் கிளிக் செய்து காம்பாக்ட் கொடுங்க. நடுவில் கரண்ட் போகக் கூடாது. யுபிஎஸ் இல்லாத டெஸ்க்டாப்பில் பவர் கட் நேரத்தில் தொடங்காதீங்க.

ஒரே ஃபைலாக இருப்பதில் இன்னொரு வில்லங்கம். வைரஸ் உள்ள ஒரே ஒரு மெயிலுக்காக ஆன்டிவைரஸ் இன்பாக்ஸ் ஃபைலையே தூக்கித் தனியே வைத்துவிடும். அதனால் மெயிலும் அமைப்புகளும் சேமிக்கப்படும் தண்டர்பேர்டின் புரொஃபைல் ஃபோல்டரை ஆன்டிவைரஸின் விலக்குப் பட்டியலில் சேருங்க.

அந்த ஃபோல்டரைக் கண்டுபிடிக்க ஹெல்ப் மெனுவில் ட்ரபிள்ஷூட்டிங் இன்ஃபர்மேஷன் திறந்து, புரொஃபைல் ஃபோல்டருக்கு எதிரே ஓப்பன் ஃபோல்டர் அழுத்துங்க. பேக்கப் எடுப்பதும் இதைத்தான். தண்டர்பேர்டை முழுதாக மூடிவிட்டு, ஃபோல்டரை அப்படியே வெளி ஹார்டு டிஸ்க்குக்கு காப்பி செய்யுங்க. திறந்திருக்கும்போது எடுத்த நகல் பாதியில் அறுந்திருக்கலாம். டூல்ஸ் மெனுவிலேயே எக்ஸ்போர்ட் இருக்கிறது, ஆனால் அது 2 ஜிபிக்கு மேற்பட்ட புரொஃபைலைச் சுருட்டித் தராது. நாலு ஐடி ஓடும் கம்ப்யூட்டரில் அந்த அளவைச் சீக்கிரமே தாண்டிவிடும். வாரம் ஒரு முறை, சனிக்கிழமை சாயங்காலம் கணக்கு முடித்துக் கிளம்பும் முன் காப்பி போட்டு வையுங்க.