பழைய காரில் நடுங்கும் சைடு மிரர்: பசையை எடுக்கும் முன்

பெருந்துறையில் இருக்கும் என் ஒர்க்‌ஷாப்புக்குப் போன மாதம் மூன்று பையன்கள் ஒரே குறையோடு வந்தார்கள். மூவருக்கும் அதுதான் முதல் கார், அதுவும் பழைய கார். எழுபதைத் தாண்டினால் வலது சைடு மிரர் நடுங்குகிறது, பின்னால் வரும் லாரி இரண்டாகத் தெரிகிறது என்றார்கள். அதைவிட என்னை உறுத்தியது, மூவருமே என்னிடம் வருவதற்கு முன் ஒரே காரியத்தைச் செய்துவிட்டு வந்திருந்ததுதான். 2009-ல் என் முதல் காரில் நானும் அதையேதான் செய்தேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நட்டு தளர்ந்திருந்தால் இறுக்க வேண்டும், உடைந்ததை மாற்ற வேண்டும் என்பதெல்லாம் யாரும் சொல்லாமலே தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன். மிரர் நடுங்கும்போது பலரும் செய்யும் தவறுகளை மட்டும் ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

எது ஆடுகிறது என்று பார்க்காமல் கை வைப்பது

வெளியிலிருந்து பார்த்தால் சைடு மிரர் ஒரே பொருள். உள்ளே ஆடக்கூடிய இடங்கள் மூன்று. கண்ணாடி ஒரு பிளாஸ்டிக் தட்டில் ஒட்டியிருக்கும். அந்தத் தட்டு மோட்டாரின் மேல் கிளிப்பில் மாட்டியிருக்கும். இது முதல் இடம். மிரர் மடங்கும் அச்சு இரண்டாவது. அதை ஒரு கெட்டியான ஸ்பிரிங் பிடித்திருக்கும். மிரரின் அடிப்பாகம் கதவில் உட்காரும் இடம் மூன்றாவது. பெரும்பாலான வண்டிகளில் அங்கே மூன்று நட்டு அல்லது போல்ட்டு இருக்கும், நடுவில் ஒரு ரப்பர் அல்லது ஃபோம் மெத்தை இருக்கும்.

எந்த இடம் என்று கண்டுபிடிக்க பெயிண்டர்கள் ஒட்டும் மாஸ்கிங் டேப் போதும். கண்ணாடியின் நான்கு மூலையையும் அதைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் கூட்டோடு சேர்த்து ஒட்டிவிட்டு ஒரு ரவுண்டு ஓட்டுங்கள். நடுக்கம் நின்றால் குறை முதல் இடத்தில். நிற்கவில்லையென்றால், கண்ணாடியும் கூடும் சேர்ந்தே ஆடுகின்றன என்று அர்த்தம். வண்டியை நிறுத்தி, ஒரு கையால் மிரரின் அடிப்பாகத்தையும் இன்னொரு கையால் கூட்டையும் பிடித்து அசைத்துப் பாருங்கள். அடிப்பாகம் நின்று கூடு மட்டும் அசைந்தால் மடங்கும் அச்சு. அடிப்பாகமே கதவை விட்டு அசைந்தால் நட்டு அல்லது மெத்தை. பத்து நிமிஷ வேலை. இதைச் செய்யாமல் ஸ்பேனரையோ, ஸ்குரு டிரைவரையோ, வேறெதையுமோ கையில் எடுக்காதீர்கள்.

பசை

அந்த மூன்று பையன்களும் செய்தது இதைத்தான். கண்ணாடிக்கும் கூட்டுக்கும் நடுவில் தெரியும் சந்தில் பசையை ஊற்றியிருந்தார்கள். ஒருவர் இரண்டு டியூபைக் கலந்து பூசும் பசை, ஒருவர் உடனே பிடிக்கும் பசை, மூன்றாமவர் தண்ணீர்க் குழாய்க்குப் பூசும் மாவுப் பசை. "ஒட்டீட்டா நின்னுக்குமுங்கள்லண்ணா?" என்று கேட்டார் அந்த மூன்றாவது தம்பி. நிற்கும். ஒரு வாரம் நன்றாகவே நிற்கும். அதனால்தான் இது ஆபத்தான தவறு.

என் கதையைச் சொல்கிறேன். நான் வாங்கியது ஸ்விட்சில் திரும்பும் மிரர் கொண்ட டீசல் கார். கோயமுத்தூர் போகும்போது அவிநாசி தாண்டியதும் கண்ணாடி குளிரில் நடுங்குவதுபோல நடுங்கும். இரவில் பின்னால் வரும் விளக்குகள் கோடு கோடாக இழுபடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், சந்தில் பசையை நன்றாக ஊற்றி, காயும்வரை கையால் பிடித்துக்கொண்டே நின்றேன். அடுத்த நாள் ஓட்டியபோது நடுக்கம் பாதியாகக் குறைந்திருந்தது. அந்தப் பாதியே எனக்குப் போதுமாக இருந்தது. பசை வேலை செய்கிறது என்று நம்பிவிட்டேன்.

நான்காம் நாள் என் மனைவி வண்டியை எடுத்தார். அவர் உயரம் வேறு, சீட்டை முன்னால் இழுத்தார், மிரரைத் திருப்ப ஸ்விட்சை அழுத்தினார். மோட்டார் உறுமியது, கண்ணாடி அசையவில்லை. சிக்கியிருக்கிறது என்று நினைத்து மறுபடி அழுத்தினார். உள்ளே கடகடவென்று ஒரு சத்தம், அதோடு மோட்டார் வீணாகச் சுற்ற ஆரம்பித்தது. உள்ளே இருக்கும் பல்சக்கரங்கள் பிளாஸ்டிக். அசையாத ஒன்றைத் தள்ளும்போது பல் உதிர்ந்துவிட்டது. மோட்டாரை மாற்றக் கண்ணாடியைக் கழற்ற வேண்டும். கண்ணாடியோ பசையில் கூட்டோடு ஒன்றாகிவிட்டது. நெம்பியதில் கண்ணாடி நொறுங்கியது, தட்டு பிளந்தது, கூட்டின் விளிம்பும் பிய்ந்தது. கடைசியில் முழு மிரரையும் வாங்கினேன். 3,200 ரூபாய். வண்டி நிறத்துக்குப் பெயிண்ட் அடிக்க இன்னொரு 600.

புது மிரரை மாட்டுவதற்காகக் கதவின் உள்பக்கம் மூலையில் இருக்கும் முக்கோண மூடியைக் கழற்றியபோதுதான் பார்த்தேன். மூன்று போல்ட்டில் இரண்டில்தான் நட்டு இருந்தது. எனக்கு முன் வண்டியை வைத்திருந்தவர் எதற்காகவோ மிரரைக் கழற்றியிருக்கிறார், ஒரு நட்டைத் திரும்பப் போடவில்லை. மீதி இரண்டும் விரலால் திருகும் அளவுக்குத் தளர்ந்திருந்தன. என் கண்ணாடியில், மோட்டாரில், கூட்டில் எந்தக் குறையும் இருந்ததில்லை. கதவோடு சேரும் இடம் ஆடியது, அதன் நுனியில் இருந்த கண்ணாடி அதிகமாக ஆடியது. ஒரு நட்டும் 10 நம்பர் ஸ்பேனரும் போதும் என்ற இடத்தில் 3,800 ரூபாய் போனது. பதினைந்து வருஷத்துக்கு மேல் ஆகியும், யாராவது பசை பூசிய மிரரோடு உள்ளே வந்தால் எனக்கு முதலில் அந்த முக்கோண மூடிதான் ஞாபகம் வருகிறது.

பசையின் பெரிய கெடுதல் பணம்கூட இல்லை. அது தடயத்தை அழித்துவிடும். நடுக்கம் பாதி குறைந்தால், நீங்கள் மீதிப் பாதியையும் கண்ணாடியில்தான் தேடுவீர்கள்.

அதற்காகப் பசையே கூடாது என்று சொல்லவில்லை. கண்ணாடி அதன் பின்தட்டிலிருந்து விட்டுவிட்டால் ஒட்டத்தான் வேண்டும். தட்டைக் கழற்றி மேஜையில் வைத்து, ஃபோம் இருக்கும் இரட்டைப் பக்க டேப்பால் ஒட்டுங்கள். சிலிகான் போடுவதென்றால் வினிகர் வாடை அடிக்கும் சிலிகான் வேண்டாம். அது பின்பக்க வெள்ளிப் பூச்சை அரித்து, ஓரத்திலிருந்து கருப்பு ஏறும். தட்டு மோட்டாரில் சேரும் இடத்தில் மட்டும் ஒரு சொட்டுகூடப் பசை படக் கூடாது. அந்த இடம் அசைவதற்காகவே செய்தது. அங்கே கிளிப் தேய்ந்திருந்தால், தட்டோடு சேர்ந்த கண்ணாடி தனியாகக் கிடைக்கும், அதை மாற்றுங்கள்.

பழைய கார் பார்க்கப் போகிறவர்கள் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: இரண்டு மிரரையும் ஸ்விட்சால் நான்கு பக்கமும் திருப்பிப் பாருங்கள், செல்போன் வெளிச்சத்தில் கண்ணாடி ஓரச் சந்தைப் பாருங்கள். மினுமினுவென்று காய்ந்த பசை தெரிந்தால் விலையில் ஒரு முழு மிரரின் காசைக் குறைத்துக் கேளுங்கள்.

குளிர்ந்த கண்ணாடியை நெம்புவது

மார்கழிக் காலையில் செய்யாதீர்கள். வண்டியை அரை மணி நேரம் வெயிலில் நிறுத்துங்கள், பிளாஸ்டிக் கிளிப் இளகும். கண்ணாடி முழுக்க டேப் ஒட்டி, கையுறை போட்டு, ஒரு பக்கத்தை உள்ளே அழுத்தி எதிர்ப்பக்கத்தை விரலால் இழுங்கள்.

கதவுக்குள் விழும் நட்டு

முக்கோண மூடியைக் கழற்றியதும், நட்டில் கை வைக்கும் முன், அங்கே கதவுக்குள் இறங்கும் ஓட்டையைத் துணியால் அடையுங்கள்.

மடங்கும் அச்சில் எண்ணெய்

விடாதீர்கள். அதன் பிடிமானமே உராய்வுதான்.

கடையில் வெட்டிய கண்ணாடி

மிரர் உடைந்தால் கண்ணாடிக் கடையில் அளவு கொடுத்து வெட்டி ஒட்டிக்கொள்வது நம் ஊரில் பழைய பழக்கம். வீட்டில் சட்டம் போட்டு மாட்டும் சாதாரணக் கண்ணாடி பெரும்பாலும் வண்டிக் கண்ணாடியைவிடத் தடிமன், அதனால் எடை கூடுதல். நீட்டிய கையின் நுனியில் எடை கூடினால் கை இன்னும் சீக்கிரம் ஆடத் தொடங்கும். மிரரும் அப்படித்தான்; முன்பு அதிக வேகத்தில் நடுங்கியது அதைவிடக் குறைந்த வேகத்திலேயே நடுங்கும். இன்னொரு குறை, இடது பக்கக் கண்ணாடி வெளியே புடைத்தது. அதன் இடத்தில் தட்டைக் கண்ணாடியை ஒட்டினால் பார்வை சுருங்கி, இடப்பக்கம் ஏறி வரும் பைக் மறைந்துவிடும். விலை குறைந்த டூப்ளிகேட் மிரரிலும் கவனம் வேண்டும். சிலவற்றில் அடிப்பாகத்தில் உலோகமே இருக்காது. அதைவிடக் கோயமுத்தூர் உக்கடம் பக்கம் பழைய உதிரிபாகக் கடைகளில் அதே மாடலின் ஒரிஜினலைத் தேடுவது நல்லது. வயர் எண்ணிக்கையும் சாக்கெட்டும் ஒன்றுதானா என்று பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.

வண்டியே நடுங்கும்போது மிரரைக் குறை சொல்வது

சிக்னலில் நிற்கும்போது மட்டும் மிரர் நடுங்கினால் அது என்ஜின் விஷயம். ஆல்டோ மாதிரி மூன்று சிலிண்டர் வண்டியின் என்ஜின் 800 ஆர்பிஎம்மில், அதாவது நிமிஷத்துக்கு 800 சுற்றில், நொடிக்கு 20 முறை உந்துகிறது, நான்கு சிலிண்டர் வண்டி 26, 27 முறை. லேசான நடுக்கம் மூன்று சிலிண்டருக்கு இயல்பு. ஆக்சிலரேட்டரை மிதித்து 1,500-க்கு ஏற்றியதும் நடுக்கம் நின்றுபோனால், ஏசி போட்டதும் அதிகமானால், என்ஜின் மவுண்டிங் ரப்பரைப் பாருங்கள். பழைய வண்டியில் அது கிழிந்திருக்க வாய்ப்பு அதிகம்.

வேகத்தில் மட்டும் வந்தால் வேறு கதை. ஆளில்லாத நேரான ரோட்டில், 80, 90-ல் போகும்போது இரண்டு நொடி மட்டும் கிளட்சை மிதியுங்கள். ஆர்பிஎம் இறங்கியும் நடுக்கம் அப்படியே இருந்தால் என்ஜின் இல்லை; மிரரிலும் ஆட்டம் இல்லையென்றால் சக்கரத்தைப் பாருங்கள். பேலன்சிங் செய்யும் முன் ரிம்மின் உள்பக்கத்தைப் பாருங்கள். கீழ்பவானி வாய்க்கால் மண் பாதையில் மழை நாளில் போய் வந்த வண்டிகளில் உள்ளங்கை அளவு சேறு காய்ந்து ஒட்டியிருக்கும். தோட்டத்துக்குக் காரில் போய்வரும் ஒரு ஐயா, இரண்டு மிரரையும் மாற்றிய பிறகு என்னிடம் வந்தார். "சேத்தக் கழுவுனா போதும்னு யாருமே சொல்லலீங்களே தம்பி" என்று வருத்தப்பட்டார். தண்ணீர் அடித்துக் கழுவினோம், நடுக்கம் போய்விட்டது.

ஆடிக் காற்றில் சோதிப்பது

பல்லடம், தாராபுரம், உடுமலைப் பக்கம் ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று நல்ல மிரரையும் ஆட்டும். அந்த நாட்களில் விடியற்காலையில், காற்று கொஞ்சம் அடங்கியிருக்கும்போது ஓட்டிப் பாருங்கள்.

வேலை முடிந்த பிறகு நான் வண்டியைப் பெருந்துறை பைபாசில் இருட்டும் நேரத்தில் எடுத்துப் போவேன். எண்பதில் வைத்து மிரரைப் பார்ப்பேன். பின்னால் வரும் பஸ்ஸின் இரண்டு விளக்கும் கோடாக இழுபடாமல் இரண்டு புள்ளியாக நின்றால் வண்டியைத் திருப்பிக் கொடுப்பேன். கொஞ்சம் இழுபட்டாலும் மறுநாள் காலை முக்கோண மூடியை மறுபடி கழற்றிப் பார்ப்பேன்.