பதின்மூன்று இலக்கம், ஆறு நாள்

தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வர்த்தில் எங்கள் முதியோர் மதிய உணவு மன்றத்துக்கு மானியம் கேட்டு இணையத்தில் விண்ணப்பித்தேன். எக்செலில் தட்டி, சிஎஸ்வியாக (காற்புள்ளியால் பிரித்த எளிய உரைக் கோப்பாக) சேமித்த 42 பேரின் பட்டியலை ஏற்றியதும் ஒரே பதில்: 'பயனாளி விவரம் செல்லாது'. எந்த விவரம் என்று கிடையாது.

சங்கப் பதிவுச் சான்றிதழைப் புதிதாக ஸ்கேன் செய்தேன். வங்கிக் கடிதத்தை மறுபடி வாங்கினேன். 2006ஆம் ஆண்டு முதியோர் சட்டத்தில் பெண்ணுக்கு 60, ஆணுக்கு 65 என்று இருக்கிறதே என்று 62 வயது மாமா ஒருவரை நீக்கியும் பார்த்தேன். பாவம், கத்தரிக்காய் நறுக்குவதே அவர்தான். ஐந்து நாள் போயிற்று.

ஆறாம் நாள் கோப்பை நோட்பேடில் திறந்தேன். அடையாள எண் இருக்க வேண்டிய இடத்தில் 4.50612, ஓர் ஆங்கில 'ஈ', +12! நீண்ட எண்ணை எக்செல் சுருக்கி எழுதும் விதம் அது.

நம் தென்னாப்பிரிக்க அடையாள எண்ணில் 13 இலக்கம். முதல் ஆறு பிறந்த தேதி. அடுத்த நான்கு 5000-க்குக் கீழே என்றால் பெண், 5000-உம் அதற்கு மேலும் என்றால் ஆண். எக்செல் முதல் ஆறு இலக்கத்தை மட்டும் வைத்து, மீதியைச் சுழியமாக்கிவிட்டது; ஏழாம் இலக்கம் 5-உம் அதற்கு மேலும் என்றால் ஆறாவதோடு ஒன்றைக் கூட்டியும் விட்டது. அதனால் பாட்டிகளின் பிறந்த தேதி சரியாகவே இருந்தது. தாத்தாக்கள் ஒரு நாள் தள்ளிப் பிறந்து, பெண்களாகவும் மாறியிருந்தார்கள். நான் சரிபார்த்த முதல் பத்து வரியும் பாட்டிகள்.

பழைய கோப்பில் வடிவத்தை மாற்றினால் போன இலக்கம் திரும்பாது. புதுத் தாளில் முதலில் அடையாள எண் நெடுவரிசையை 'டெக்ஸ்ட்' ஆக்கிவிட்டு, வருகைப் பதிவேட்டைப் பார்த்து எண்களைத் தட்டினேன். சேமித்த சிஎஸ்வியை மறுபடி எக்செலில் திறக்காமல் அப்படியே ஏற்றினேன். உடனே ஏற்றுக்கொண்டது.

மாமாவையும் சேர்த்துவிட்டேன். படிவம் கேட்டது 60 வயதுதான்.