சூரியன் மறைந்த பத்தாவது நிமிடம்: முட்டம் பாறைகளில் அந்திப் படம் எடுப்பது எப்படி

கன்னியாகுமரி மாவட்டத்து முட்டம் கடற்கரையில் சனிக்கிழமை சாயங்காலம் நின்று பாருங்கள். சூரியன் கடலைத் தொட்டதும் எல்லோருடைய போனும் மேலே வரும். அது முழுகி முடிக்க இரண்டு நிமிடம்தான் ஆகும். நிலநடுக்கோட்டுக்கு இவ்வளவு பக்கத்தில் இருப்பதால் சூரியன் நம் ஊரில் ஏறக்குறைய நேர்குத்தாக இறங்கிவிடும். அது போனதும் கூட்டமும் கிளம்பிவிடும். நான் எடுத்த நல்ல படங்கள் எல்லாமே அவர்கள் வண்டியை எடுத்துக்கொண்டு போன பிறகு எடுத்தவை.

நாகர்கோவிலில் ஓர் அச்சகத்தில் டிசைன் வேலை பார்க்கிறேன். கையில் இருப்பது நிக்கான் டி5300, அதோடு வந்த 18-55 லென்ஸ், கேமராவை நிறுத்தும் முக்காலியான ஒரு ட்ரைபாட். எட்டு வருடமாக வாரம் ஒருமுறையாவது கடற்கரைக்குப் போய்விடுவேன். கடலைப் பட்டுப்போலக் காட்டும் படங்களை எப்படி எடுப்பது என்று நண்பர்கள் கேட்கும்போதெல்லாம், வெளிச்சத்தைக் குறைக்க லென்ஸின் முன்னால் மாட்டும் ஃபில்டரில் எதை வாங்க வேண்டும் என்பதுதான் முதல் கேள்வியாக வரும். ஃபில்டர் இல்லாமலே தொடங்கலாம். எப்படி என்று சொல்கிறேன்.

கேமராவில் ஐஎஸ்ஓ (வெளிச்சத்தை உணரும் திறன்) 100, அப்பர்ச்சர் (லென்ஸ் துளையின் அளவு) எஃப் 11 என்று வைத்து, மேற்கு வானத்துக்கு வெளிச்சம் அளந்து பாருங்கள். மேகம் அதிகம் இல்லாத நாளில், சூரியன் மறையும் நேரத்தில் ஷட்டர் திறந்திருக்க வேண்டிய நேரம் எனக்குச் சுமார் 1/15 நொடி வரும். அதன்பின் மூன்று நிமிடத்துக்கு ஒரு ஸ்டாப் என்ற கணக்கில் வெளிச்சம் குறைகிறது; ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாவது. அதாவது மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை ஷட்டர் நேரம் இரட்டிப்பாகும். பத்தாவது நிமிடம் அரை நொடி. இருபதாவது நிமிடம் ஐந்தாறு நொடி. வானம் நன்றாகச் சிவப்பதும் அந்தப் பத்தாவது நிமிடத்தை ஒட்டித்தான், அலையின் நுரை கோடு கோடாகப் பதியத் தேவையான ஷட்டர் நேரமும் அதே அரை நொடிதான். இரண்டும் ஒரே நேரத்தில் வந்து சேருகின்றன. இதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு வருடம் ஆனது. கண்டுபிடித்த நாளில் இருந்து சூரியன் மறைந்ததும் மூட்டை கட்டுவதை விட்டுவிட்டேன்.

சரி, எங்கே போவது? கன்னியாகுமரி என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். அங்கே ஒரு சிக்கல் உண்டு. ஜூனுக்கும் டிசம்பருக்கும் இடையில் சூரியன் மறையும் இடம் சுமார் 47 பாகை நகர்கிறது. ஏப்ரல் கடைசி முதல் ஆகஸ்ட் வரை கன்னியாகுமரியில் இருந்து பார்த்தால், அது கடலை விட்டுக் கரைப்பக்கம் போய்விடும். வெளியூரில் இருந்து மே மாத விடுமுறைக்கு வருகிறவர்கள் ஏமாறுவது இதனால்தான். முட்டத்தில் கரை தென்மேற்கைப் பார்த்து இருப்பதால் அந்தக் கவலை இல்லை. டிசம்பரில் நன்றாகத் திறந்த கடலின் மேல் மறையும், ஜூனில் வலது ஓரத்தில் குளச்சல் பக்கமாக ஒதுங்கும். நேரமும் மாறும். நவம்பர் நடுவில் ஆறு மணிக்கே முடிந்துவிடும். ஜூலையில் ஆறே முக்கால் ஆகும். ஒரு எச்சரிக்கை: கன்னியாகுமரி பக்கத்தில் இருக்கும் சின்னமுட்டம் வேறு, இது வேறு. வழி கேட்கும்போது முட்டம் லைட் ஹவுஸ் என்று கேளுங்கள்.

எனக்குப் பிடித்த மாதங்கள் நவம்பர் முதல் பிப்ரவரி வரை. வடகிழக்குப் பருவமழை காற்றில் இருக்கும் தூசியைக் கழுவிவிடும். மழை பெய்து ஓய்ந்த மறுநாள் உயரத்தில் மெல்லிய கீற்று மேகம் இருந்தால், வேலையை முடித்துக்கொண்டு எப்படியாவது போய்விடுவேன். சூரியன் நமக்கு மறைந்த பிறகும் அந்த உயரத்து மேகத்துக்கு அது தெரிகிறது. காற்றில் நெடுந்தூரம் கடந்து வருவதற்குள் நீலம் சிதறிப்போய், சிவப்பு மட்டும் மிஞ்சி, அந்த மேகத்தின் அடிவயிற்றில் கீழிருந்து விழும். அதுதான் செக்கர் வானம். மேகமே இல்லாத வானம் பார்க்க அழகுதான், ஆனால் படத்தில் வெறுமையாக நிற்கும். அடிவானத்தில் கெட்டியாகக் கருமேகம் படுத்திருந்தால் அன்று நிறம் வர வாய்ப்பு குறைவு. அப்படிப்பட்ட நாளில் கறுப்பு வெள்ளைக்கு எடுப்பேன்.

ஐந்து மணிக்கே போய்ச் சேருங்கள். போனதும் கேமராவை வெளியே எடுக்காதீர்கள். கால்மணி நேரம் அலையை மட்டும் பாருங்கள். எந்த அலை எதுவரை ஏறுகிறது, எந்தப் பாறை நனைந்திருக்கிறது, எது காய்ந்திருக்கிறது என்று பாருங்கள். இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தது ஒரு மீனவப் பெரியவர். நான் கேமராவைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு பாறையின் நுனிக்குப் போய்க்கொண்டிருந்தேன். “மக்ளே, அந்தப் பாறை நனைஞ்சி கிடக்குல்லா. நனைஞ்ச பாறையில நிக்கப்பிடாது” என்றார். அப்போது கடல் அமைதியாகத்தான் இருந்தது. கீழே இறங்கி அவர் பக்கத்தில் நின்றேன். ஏழெட்டு நிமிடம் கழித்து ஓர் அலை வந்து, நான் நின்றிருக்கக்கூடிய இடத்தை முழுக்க மூடிவிட்டுப் போனது.

கள்ளக்கடல் என்று எங்கள் பக்கம் ஒரு சொல் உண்டு. தெற்கே வெகுதூரத்தில் இந்தியப் பெருங்கடலில் எழும் புயலால் கிளம்பும் அலை, பல நாள் பயணம் செய்து இங்கே வந்து சேரும். உள்ளூரில் காற்றும் இருக்காது, மழையும் இருக்காது, கடல் மட்டும் திடீரென்று பொங்கும். 2024 மே மாதம் கணபதிபுரம் பக்கத்து லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்களைக் கடல் கொண்டுபோனது இப்படிப்பட்ட எச்சரிக்கை இருந்த நாட்களில்தான். ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் மையம் இதற்கு முன்னறிவிப்பு தருகிறது. கிளம்பும் முன் அதைப் பாருங்கள். எச்சரிக்கை இருந்தால் பாறைக்குப் போகவே வேண்டாம். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்குப் பருவக்காற்றில் நான் பாறைக்கு இறங்குவதே இல்லை. 2019 ஜூலையில் இறங்கினேன். ட்ரைபாட்டோடு கேமரா சாய்ந்து உப்புத் தண்ணீரில் விழுந்தது. அந்தக் கேமரா பிழைக்கவில்லை. நான் ஓர் அடி முன்னால் நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் யோசிப்பேன்.

இடம் தேர்ந்ததும் ட்ரைபாட்டை நிறுத்துங்கள். மேலே இருக்கும் தடித்த கால்களை முதலில் இழுங்கள். கடைசியில் இருக்கும் மெல்லிய கால் முடிந்தவரை உள்ளேயே இருக்கட்டும். நடுத்தண்டை உயர்த்தவே வேண்டாம். கேமரா வாரைக் கழற்றிவிடுங்கள், காற்றில் அது அடித்துக்கொண்டே இருந்தால் படம் அசையும். மணலில் நிறுத்தினால் காலை நன்றாக அழுத்திப் புதைக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒவ்வொரு அலையும் காலடி மணலை அரித்துக்கொண்டு போக, ட்ரைபாட் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். பார்த்தால் தெரியாது, வீட்டில் பெரிதாக்கும்போது தெரியும். லென்ஸில் அசைவைத் தடுக்கும் விஆர் பட்டனை அணைத்துவிடுங்கள். ஷட்டரைக் கையால் அழுத்தாமல், கம்பியில் இருக்கும் பட்டனான கேபிள் ரிலீஸ் போடுங்கள், அது இல்லாவிட்டால் இரண்டு நொடி டைமர் போதும்.

ஃபோகஸை வெளிச்சம் இருக்கும்போதே முடித்துவிட வேண்டும். முன்னால் இருக்கும் பாறைக்குக் கொஞ்சம் பின்னால் ஃபோகஸ் செய்து, பிறகு மேனுவலுக்கு மாற்றிவிடுங்கள். அப்புறம் அந்த வளையத்தில் கை படக்கூடாது. சூரியன் முழு வெளிச்சத்தோடு இருக்கும்போது அதை வியூஃபைண்டர் (கண் வைத்துப் பார்க்கும் துளை) வழியாகப் பார்க்காதீர்கள், கண்ணுக்கு ஆபத்து. பின்திரையில் பார்த்தே ஃபிரேம் அமையுங்கள்.

இனி அலை. பாறையின் மேல் அலை ஏறி வரும்போது திறந்தால் படத்தில் வெள்ளைப் புகை மாதிரிதான் விழும். அது ஏறி முடித்து, ஒரு கணம் நின்று, திரும்பத் தொடங்கும். அப்போது நுரை உடைந்து இழை இழையாகப் பிரிந்து, பாறைச் சந்துகளைத் தேடிக் கீழே ஓடும். அந்த நேரத்தில் அரை நொடி திறந்தால் ஒவ்வொரு இழையும் தனிக்கோடாகப் பதியும், தேங்காய் நாரைப் பிரித்துப் போட்ட மாதிரி. திரும்பும் தண்ணீருக்கு ஒரு சத்தம் உண்டு. ஏறும்போது வரும் இரைச்சல் அடங்கி, ‘சர்ர்’ என்று கூழாங்கல்லும் மணலும் இழுபடும் சத்தம். நான் இப்போது கண்ணைவிடக் காதைத்தான் நம்புகிறேன். அந்தச் சத்தம் தொடங்கியதும் விரல் அழுத்தும். இரண்டு நொடி டைமர் வைத்திருப்பவர்கள், அலை ஏறிக்கொண்டிருக்கும்போதே அழுத்திவிட வேண்டும். எப்போது என்பது பத்துப் படம் எடுத்தால் பிடிபடும்.

அரை நொடியில் தண்ணீர் ஓடுகிற திசை தெரியும். இரண்டு நொடியில் இழைகள் கலந்துவிடும். முப்பது நொடியில் கடல் மூடுபனியாகிவிடும். இரண்டு நிமிடம் திறந்தால் பால் ஊற்றிய தட்டு மாதிரி ஆகிவிடும். நிமிடக்கணக்கில் திறப்பதை எல்லோரும் விரும்புகிறார்கள். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. முட்டத்துக் கடல் சும்மா கிடக்கும் கடல் இல்லை, அதன் வேகம் படத்தில் தெரிய வேண்டும். ஆனால் தனியாக நிற்கும் ஒற்றைப் பாறை இருந்தால், அல்லது மேகம் நம்மை நோக்கி வேகமாக ஓடி வந்தால், இரண்டு நிமிடப் படத்துக்குத் தனி அழகு வரும்.

அதற்குத்தான் என்டி ஃபில்டர் என்னும் கறுத்த கண்ணாடி. ஆறு ஸ்டாப் ஃபில்டர் வெளிச்சத்தை 64 மடங்கு குறைக்கும், பத்து ஸ்டாப் ஏறக்குறைய 1000 மடங்கு. ஃபில்டர் இல்லாமல் 1/60 நொடி வந்தால், பத்து ஸ்டாப் போட்டதும் 17 நொடி. 1/15 வந்தால் ஒரு நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல். முப்பது நொடியைத் தாண்டினால் கேமராவை பல்ப் நிலைக்கு மாற்றி, நாமே நேரம் பார்த்து மூட வேண்டும். சூரியன் மறைந்த பிறகு இந்தக் கணக்கைப் போட்டால் படம் இருட்டாகத்தான் வரும். திறந்து வைத்திருக்கும் இரண்டு நிமிடத்துக்குள்ளேயே வெளிச்சம் இறங்கிக்கொண்டிருக்கிறதே. அதனால் கணக்கில் வந்த நேரத்தோடு பாதியைச் சேர்த்துக்கொள்வேன்.

ஃபில்டர் வாங்கக் காசு இல்லாத நாளில் ஹார்டுவேர் கடையில் வெல்டிங் கண்ணாடி ஒன்றை வாங்கி, ரப்பர் பேண்ட் போட்டு லென்ஸின் முன்னால் கட்டினேன். வேலை செய்தது. படம் முழுக்கப் பச்சையாக வரும், ஓரளவு சரிசெய்யலாம், முழுதாகச் சரியாகாது. கறுப்பு வெள்ளையாக மாற்றினால் குறையே தெரியாது. கற்றுக்கொள்ள அது தாராளமாகப் போதும். ஆனால் முதலில் எடுத்த நிமிடக்கணக்குப் படங்களில் எல்லாம் நடுவில் ஒரு ஊதாப் பட்டை விழுந்தது. கண்ணாடியைத்தான் சந்தேகப்பட்டேன். காரணம் பின்னால் இருந்தது: வியூஃபைண்டர் துளை வழியாக வெளிச்சம் உள்ளே கசிந்திருக்கிறது. கேமராப் பெட்டியில் சின்னதாகக் கறுப்பு மூடி ஒன்று வந்திருக்கும், அதை மாட்டுங்கள். தொலைத்துவிட்டால் கறுப்பு டேப் ஒட்டினாலும் சரி. கண்ணாடி வழியே பார்க்காத மிரர்லெஸ் கேமராவுக்கு இந்தத் தொல்லை இல்லை.

படத்தின் நிறத்தைச் சரிசெய்யும் வொயிட் பேலன்ஸை ஆட்டோவில் விட்டால், வானத்துச் சிவப்பைத் தப்பு என்று நினைத்துக் கேமரா குறைத்துவிடும். டே லைட்டில் வையுங்கள். கேமரா திருத்தாமல் அப்படியே சேமிக்கும் ரா ஃபைலாக எடுங்கள். வெளிச்ச அளவைக் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராமில் சிவப்பை மட்டும் தனியாகப் பாருங்கள். மொத்த வெளிச்சம் சரியாகத் தெரிந்தாலும் சிவப்பு எல்லை தாண்டியிருக்கும், தாண்டினால் செக்கரில் இருக்கும் நுணுக்கமான நிறங்கள் ஒரே பூச்சாகிவிடும். நீண்ட நேரம் திறந்து எடுக்கும் படத்தில் விழும் புள்ளிகளை (நாய்ஸ்) குறைக்கும் லாங் எக்ஸ்போஷர் வசதியையும் அணைத்து வைக்கிறேன். அது இருந்தால் இரண்டு நிமிடப் படத்துக்குப் பிறகு இன்னும் இரண்டு நிமிடம் கேமரா கையில் கிடைக்காது. அந்தியில் இரண்டு நிமிடம் என்பது பெரிய இழப்பு.

ஏழு மணி வாக்கில் வானம் நீலமாகி, லைட் ஹவுஸ் விளக்கு சுற்றத் தொடங்கியிருக்கும். அதையும் இரண்டு மூன்று எடுத்துக்கொண்டு, டார்ச் அடித்துக் காய்ந்த பாறை வழியாக மேலே ஏறுங்கள். வீட்டுக்கு வந்ததும் படம் பார்க்க உட்காராமல், முதலில் ட்ரைபாட்டின் கால்களை முழுசாக இழுத்து நல்ல தண்ணீரில் கழுவி, திறந்தபடியே நிறுத்துங்கள். உப்பு காய்ந்தால் பூட்டுகள் இறுகிவிடும். லென்ஸில் படிந்த உப்பை முதலில் ஈரத்துணியால் ஒற்றி எடுத்த பிறகுதான் துடைக்க வேண்டும், உலர்ந்த துணியால் தேய்த்தால் கீறல் விழும். காலையில் ட்ரைபாட் காய்ந்திருக்கும். படங்களை அதன் பிறகு கணினியில் போடுங்கள்.