படல ஆண்டெனாவை அளக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

1996 மே மாதம் எண்டெவர் விண்வெளி ஓடத்தில் கொண்டுபோன 14 மீட்டர் விட்டமுள்ள ஊதி விரியும் ஆண்டெனா ஒன்றை நாசா விண்வெளியில் விரித்துப் பார்த்தது. ஆனால் பிரதிபலிப்பான் முழுமையாக ஊதிக்கொள்ளவில்லை. திட்டமிட்ட மேற்பரப்பு அளவீடு சுற்றுப்பாதையில் நடக்கவில்லை. தரையில் எடுக்கும் அளவை எவ்வளவு நம்பலாம் என்பது அதனாலேயே முக்கியமாகிறது.

அந்த ஆண்டெனாவின் மைலார் (ஒரு வகை பாலியெஸ்டர் பிளாஸ்டிக்) படலத்தின் தடிமன் சுமார் 6.5 மைக்ரான், ஒரு சதுர மீட்டர் ஏறக்குறைய 9 கிராம்தான். ஃபோட்டோகிராமெட்ரிக்காக, அதாவது பல கோணப் படங்களிலிருந்து வடிவத்தை அளப்பதற்காக, அதன்மேல் அடையாள ஸ்டிக்கர்களை ஒட்டினால், படலத்தைவிடப் பல மடங்கு தடித்த அவை ஒட்டிய இடத்தை விறைக்கச் செய்து, சுற்றிலும் சுருக்கம் விழச்செய்யும். பிறகு கேமரா அளப்பது ஸ்டிக்கர் உண்டாக்கிய பள்ளத்தை! ஒளிப்புள்ளிகளை வீழ்த்தி அளப்பதே மேல். அதிலும் ஒரு சிக்கல் உண்டு: அலுமினியப் பூச்சு ஒளியைச் சிதறவிடாமல் ஒரே திசையில் திருப்பிவிடுவதால் சில கேமராக்களுக்குப் புள்ளியே தெரியாது.

இதைவிட எனக்குக் கவலை தருவது கணக்கில் நுழையும் பிழை. அளந்த புள்ளிகளுக்குப் பொருத்தமான பரவளையத்தைத் தேடும்போது குவியத் தூரத்தையும் கணினியின் போக்கில் விட்டால், ஆர்.எம்.எஸ். பிழை (விலகல்களின் இருமடிச் சராசரியின் வர்க்கமூலம்) அழகாகக் குறையும். ஃபீட் (குவியத்தில் அலையை வாங்கும் அல்லது அனுப்பும் பகுதி) பழைய இடத்திலேயே இருந்தால் அந்த அழகு ஏட்டளவில்தான். ஊதிய படலம் தானாகப் பரவளையம் ஆவதுமில்லை. அதன் விலகல் பெரும்பாலும் 'டபிள்யூ' வடிவில் ஒழுங்காக அமையும். மேற்பரப்புப் பிழையால் ஆதாயம் (அலையை ஒரு திசையில் குவிக்கும் திறன்) எவ்வளவு குறையும் என்று கணிக்கும் ரூஸ் சூத்திரமோ பிழைகள் தாறுமாறாகச் சிதறியிருப்பதாகக் கொள்கிறது. ஒற்றை எண்ணோடு நிற்காமல் பிழை வரைபடத்தையும் பார்த்தால்தான் பக்க மடல்கள் (வேண்டாத திசைகளில் பரவும் கதிர்கள்) எங்கே எழும் என்று புரியும்.

1 மி.மீ. ஆர்.எம்.எஸ். பிழை நல்லதா என்று கேட்டால், எந்த அதிர்வெண்ணுக்கு என்று திருப்பிக் கேளுங்கள். ரூஸ் கணக்கில் 10 ஜிகாஹெர்ட்ஸில் ஆதாயத்தில் 84 சதவீதம் மிஞ்சும். 30 ஜிகாஹெர்ட்ஸில் 21 சதவீதமே.

அறையின் வெப்பநிலையோடு ஈரப்பதத்தையும் குறித்துவையுங்கள். கேப்டான் (வெப்பம் தாங்கும் பிளாஸ்டிக்) படலம் 10 டிகிரி சூடேறினாலும், ஈரப்பதம் 10 சதவீதம் கூடினாலும், மீட்டருக்கு ஏறக்குறைய 0.2 மி.மீ. நீளும். மேல்நோக்கியும் கீழ்நோக்கியும் அளந்து சராசரி எடுத்தால் புவியீர்ப்பின் விளைவு நீங்கிவிடும் என்பதும் முழு உண்மையல்ல; தொய்வு பெரிதாக இருந்தால் இரு நிலைகளின் வளைவும் சமமாக இருக்காது.