மரக்கறியிலும் பாத்தித் தண்ணீரிலும் ஹெபடைட்டிஸ் ஏ வைரஸைத் தேடுவது எப்படி

மலம் கலந்ததைக் காட்டும் பக்டீரியாவான ஈ.கோலை இல்லை என்று ரிப்போட் வந்ததும் தண்ணீர் சுத்தம் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். ஈ.கோலை வெளியே வந்தால் சீக்கிரம் செத்துப்போகும், ஆனால் மஞ்சள் காமாலையைக் கொண்டுவரும் இந்த வைரஸ் குளிர்ந்த தண்ணீரில் மாதக்கணக்கில்கூடத் தாக்குப்பிடிக்கும், நுவரெலியாக் குளிர் அதற்கு ரொம்பத் தோது.

போத்தலைத் தூக்குமுன் ஓடையோடு மேலே நடந்து பாருங்கள். தோட்டத் தொழிலாளர் லயத்துக் கக்கூஸ் குழி எங்கே நிறைந்து வழிகிறது, பம்ப் வாய் அதற்கு மேலேயா கீழேயா, கரட் கழுவும் இடத்துக்கு எந்தத் தண்ணீர் வருகிறது என்று குறித்துக்கொண்டால், எங்கே சாம்பிள் எடுப்பது என்பது பாதி முடிவாகிவிடும். பாத்திக்குத் தண்ணீர் போகும் வாயில் ஒன்று, கழுவும் தொட்டியில் ஒன்று கட்டாயம் எடுங்கள்.

வைரஸ் தண்ணீரில் மிக ஐதாகத்தான் இருக்கும், அதனால் ஒரு போத்தல் போதாது, பத்து லீட்டராவது வேண்டும், சரியான அளவை லேபில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். மழை பெய்த கையோடு எடுத்தால் குழிகளிலிருந்து அடித்து வந்தது அகப்படும், ஆனால் சேறு ஃபில்டரை அடைத்துவிடும், மண்ணிலுள்ள ஹியூமிக் அமிலம், வைரஸின் மரபுப்பொருளைப் பெருக்கிக் கண்டுபிடிக்கும் பீ.சீ.ஆர். சோதனையையும் குழப்பும். வெயில் நாளில் ஒன்று, மழைக்குப் பிறகு ஒன்று என்று எடுப்பதுதான் என் வழி. ஐஸ் பெட்டியில் வைத்து அடுத்த நாளைக்குள் சேர்த்துவிடுங்கள்.

மரக்கறியில் லீக்ஸ், சலாது, ஸ்ட்ரோபெரி, பச்சையாகத் தின்னும் கரட் இவற்றைத்தான் முதலில் பார்க்க வேண்டும். கழுவாமல், புதுக் கையுறையோடு, தனித்தனிப் பையில் போடுங்கள். லீக்ஸில் இலை பிரியும் கழுத்தை விட்டுவிடாதீர்கள், அழுக்குத் தண்ணீர் தங்குவது அந்த மடிப்பில்தான்.

லேபில், உணவில் இந்த வைரஸைத் தேடுவதற்கான சர்வதேச முறையான ஐ.எஸ்.ஓ. 15216-இன்படி செய்வார்களா என்று கேளுங்கள். இலை, தண்டு வகையில் 25 கிராம் எடுத்து, வைரஸ் மேற்பரப்பில் ஒட்டியிருப்பதால் அரைக்காமல் பெரிய துண்டுகளாக வெட்டி, காரத்தன்மையுள்ள கரைசலில் ஆட்டிக் கழுவி, பீ.ஈ.ஜி. (பொலிஎத்திலீன் கிளைகோல்) போட்டு வைரஸைப் படியவைத்து, அதிலிருந்து வைரஸின் மரபுப்பொருளான ஆர்.என்.ஏ.யைப் பிரித்துப் பீ.சீ.ஆர். ஓட்டுவார்கள். ஸ்ட்ரோபெரி என்றால் பழத்திலுள்ள பெக்டினை உடைக்கும் பெக்டினேஸ் நொதியும் சேர்ப்பார்கள், இல்லாவிட்டால் கரைசல் ஜெலி ஆகிவிடும். மெங்கோவைரஸ் என்ற கட்டுப்பாட்டு வைரஸைச் சாம்பிளில் கலந்து, அதில் எவ்வளவு திரும்பக் கிடைத்தது என்று பார்ப்பார்கள். அது ஒரு சதவீதத்துக்குக் கீழே போயிருந்தால் ‘நெகடிவ்’ என்ற முடிவை ஏற்க வேண்டாம், திரும்பச் செய்யச் சொல்லுங்கள்.

பொசிடிவ் வந்தால் வைரஸ் உயிரோடு இருக்கிறதா என்பதை அது சொல்லாது. மலம் கலந்திருக்கிறது என்பது மட்டும் நிச்சயம். தொற்றிய 15 முதல் 50 நாள் கழித்துத்தான் கண் மஞ்சளாகும், அதற்குள் மரக்கறி தம்புள்ளை மொத்தச் சந்தையைத் தாண்டியிருக்கும், ஆகவே யாருக்காவது வருகிறதா பார்ப்போம் என்று இருக்காமல் அந்தத் தண்ணீரை அன்றைக்கே நிறுத்திவிட்டுப் பகுதி பீ.எச்.ஐ.யிடம் (பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம்) சொல்லுங்கள்.